இன் (in), ஒன் (on), அட் (at): மலையகத்து இடங்களை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஓர் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருப்பது அவசியத் தேவை. பல தோட்டங்களில், தொழிலாளர் வாழும் தொடர்வீடுகளான லயன் வீடுகளுக்கு இன்னமும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வீடு சேர்கிறது. ஆகையால் ஒருவரை வீட்டுக்கு வரச்சொன்னால் நாம் இலக்கம் சொல்வதில்லை. "பாலத்தைத் தாண்டி, கோயிலுக்கு மேலே, ஸ்டோருக்குப் பணிய, கான் ஓரமாக வாருங்கள்" என்று வழியையே வரைந்து காட்டிவிடுகிறோம் (ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை, பணிய என்றால் கீழே, கான் என்றால் வடிகால்). தாய்மொழியில் இவ்வளவு கூர்மையாக இடம் சொல்லும் பிள்ளைகள், ஆங்கிலம் என்றதும் எல்லா இடத்துக்கும் 'இன்' போட்டு எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. எல்ல என்ற ஊரில் விடுதி வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறவருக்கும், சிவனொளிபாத மலைப் பருவத்தில் வெளிநாட்டவருக்கு வழி சொல்கிறவருக்கும், சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற மாணவிக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அறையில், மேசையில், நிலையத்தில் என்று தமிழில் மூன்று இடங்களுக்கும் 'இல்' என்ற ஒரே உருபு போதும். ஆங்கிலத்தில் முதலாவதற்கு இன், இரண்டாவதற்கு ஒன், மூன்றாவதற்கு அட். பெயருக்கு முன்னால் வரும் இவற்றை முன்னிடைச் சொற்கள் என்கிறோம். தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறவருக்கு, 'இல்' என்ற உருபு இந்த மூன்றில் எதையும் சுட்டிக்காட்டாது. தமிழில் இடத்தை நுணுக்கமாகச் சொல்லும் வழி இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளைச் சொல்கிறது. கண், கடை, இடை, தலை, மேல், கீழ், முன், பின், உள், புறம் எல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றன. அன்றாட எழுத்தில் நாம் 'இல்' ஒன்றை வைத்தே பெரும்பாலும் காரியத்தை முடித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

வகுப்பறைகளில் பரவலாகச் சொல்லித்தரப்படும் ஒரு விதி உண்டு: பெரிய இடத்துக்கு இன், சிறிய இடத்துக்கு அட். இந்த விதியை நம்பாதீர்கள். அது பாதி வழி வரை கூட வந்து, பரீட்சையில் கைவிட்டுவிடும். லயக்காம்பிரா, அதாவது லயன் வீட்டு அறை, மிகச் சிறியது, அதற்கு இன் வருகிறது. கொழும்பு மிகப் பெரியது, ஆனால் கப்பல் அங்கே தரித்து நின்றது என்று சொல்லும்போது அட் வருகிறது. இடத்தின் அளவை வைத்து இந்தச் சொற்கள் தீர்மானமாவதில்லை. பேசுகிறவர் அந்த நேரத்தில் இடத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

முதற்படி: உருபை விட்டு உருவத்தைப் பாருங்கள்

எழுதுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடம் இப்போது என் மனத்தில் என்ன உருவத்தில் நிற்கிறது?

நான்கு பக்கமும் எல்லை சூழ்ந்து, உள்ளே ஒன்றை வைத்துக்கொள்ளக்கூடிய வெளியாக நின்றால் இன். ஒன்று படிந்தோ ஒட்டியோ தொட்டோ இருக்கும் பரப்பாக, அல்லது நீண்டு செல்லும் கோடாக நின்றால் ஒன். நீளமும் அகலமும் முக்கியமில்லாமல், வரைபடத்தில் குத்திய ஒரு புள்ளியாக நின்றால் அட்.

ஹட்டன் புகையிரத நிலையத்தில் உங்கள் தங்கை பதுளை ரயிலுக்குக் காத்திருக்கிறாள் என்று வையுங்கள். எங்கே இருக்கிறாள் என்று வீட்டில் கேட்டால் 'அட் த ஸ்டேஷன்'. ஊர் வரைபடத்தில் அவள் இருக்கும் புள்ளியைத்தான் வீட்டார் அறிய விரும்புகிறார்கள். அடைமழை பெய்கிறது, அவள் நனையவில்லையா என்று கேட்டால் 'இன் த ஸ்டேஷன்', கட்டடத்துக்கு உள்ளே இருக்கிறாள். நீங்களே நிலையத்துக்குப் போய் அவளைத் தேடினால் 'ஒன் த பிளாட்ஃபோம்', அந்த மேடைப் பரப்பின் மேல் நிற்கிறாள். ஒரே ஆள், ஒரே நேரம், மூன்று விடைகளும் சரி. கேள்வியின் நோக்கம் மாறியதும் சொல்லும் மாறிவிட்டது. 'ஸ்டேஷன் என்றால் அட்' என்று மனப்பாடம் செய்தவருக்கு மற்ற இரண்டும் எட்டவே எட்டா.

இரண்டாம் படி: எல்லைக்குள் இருப்பவற்றுக்கு இன்

நாடு, மாகாணம், மாவட்டம், நகரம், கிராமம், பள்ளத்தாக்கு, அறை, பெட்டி, கோப்பை எல்லாம் எல்லை உள்ளவை. 'இன் ஸ்ரீ லங்கா', 'இன் த சென்ட்ரல் புரொவின்ஸ்', 'இன் பண்டாரவளை', 'இன் த வேலி', 'இன் த கிச்சன்'. மலையகத்தைச் சொல்லும்போதும் 'இன் த ஹில் கன்ட்ரி'. இவற்றில் சிக்கல் இல்லை.

கண்ணுக்குத் தெளிவான எல்லை இல்லாவிட்டாலும், நம்மைச் சூழ்ந்துகொள்பவற்றுக்கும் இதுவே வரும். பனிமூட்டத்தில் நிற்பவர் 'இன் த மிஸ்ட்', மழையில் நிற்பவர் 'இன் த ரெயின்', வெயிலில் கொழுந்து பறிப்பவர் 'இன் த சன்'. வரிசையில் நிற்பவர் 'இன் த கியூ', புகைப்படத்தில் இருப்பவர் 'இன் த ஃபோட்டோ'.

மரத்தையும் சுவரையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். குருவி இலைகளுக்கும் கிளைகளுக்கும் நடுவே இருக்கிறது, ஆகவே 'இன் த ட்ரீ'. பழம் கிளையில் ஒட்டித் தொங்குகிறது, ஆகவே 'ஒன் த ட்ரீ'. சுவரில் மாட்டிய படம் 'ஒன் த வோல்'. சுவரில் விழுந்த வெடிப்போ அதன் உடலுக்குள் இறங்கியிருக்கிறது. அதற்கு 'அ கிரேக் இன் த வோல்' என்பதே சரி. மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் நிலத்திலும் சுவரிலும் தோன்றும் வெடிப்புகள் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறிகள். அதிகாரிக்கோ உதவி அமைப்புக்கோ ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத நேர்ந்தால் இந்த 'இன்' கைகொடுக்கும்.

மூன்றாம் படி: பரப்புக்கும் கோட்டுக்கும் ஒன்

மேசை, தரை, கூரை, பலகை ஆகியவை பரப்புகள் என்பது வெளிப்படை. மேற்பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விட்டத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பல்லியும் 'ஒன் த சீலிங்' தான். தொட்டுக்கொண்டிருந்தால் போதும். மாடிகளுக்கும் இதுவே: 'ஒன் த ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. பிரித்தானிய வழக்கில் அது நிலமட்டத்துக்கு மேலுள்ள முதல் மாடியைக் குறிக்கும், இலங்கையில் நாம் பின்பற்றுவதும் அதையே. அமெரிக்க விருந்தினர் அதையே நிலத்தள மாடியாக எண்ணக்கூடும். விடுதியில் வேலை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது கோடு. சாலை, ரயில் பாதை, ஆறு, கரையோரம், மாவட்ட எல்லை எல்லாம் ஆங்கிலத்தின் பார்வையில் கோடுகள். அவற்றின் மேல் அல்லது அவற்றை ஒட்டி அமைந்த ஊருக்கு ஒன் வரும். அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பதால் ஹட்டன் 'ஒன் தி ஏ செவன்'. மகாவலிக் கரையில் இருப்பதால் நாவலப்பிட்டி 'ஒன் த மகாவலி'. ஊர் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது என்று யாரும் எண்ணமாட்டார்கள், ஆற்றோரம் என்றே புரிந்துகொள்வார்கள். சிவனொளிபாத மலை நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்களின் எல்லையில் நிற்பதால் அதுவும் 'ஒன் த போர்டர்'. இடப்பக்கம், வலப்பக்கம் என்பதற்கும் 'ஒன் த லெஃப்ட்', 'ஒன் த ரைட்'.

இனி நம் பிள்ளைகள் மிக அதிகமாகத் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். தோட்டம். "நான் தேயிலைத் தோட்டத்தில் வாழ்கிறேன்" என்பதைத் தரமான ஆங்கிலத்தில் 'ஐ லிவ் ஒன் அ டீ எஸ்டேட்' என்று சொல்ல வேண்டும். மனிதர் உழைத்துப் பயன்கொள்ளும் பெருநிலத்தை ஆங்கிலம் ஒரு பரப்பாகப் பார்க்கிறது. பண்ணைக்கு 'ஒன் அ ஃபார்ம்', பெருந்தோட்டத்துக்கு 'ஒன் அ பிளான்டேஷன்', எஸ்டேட்டுக்கும் அப்படியே ஒன். ஆனால் அதே தோட்டத்துக்குள் தனித்தனியாக வகுத்த, நாம் 'மலை' என்று சொல்லும் தேயிலை நிலப்பகுதிகள் எல்லையுள்ளவை. "அம்மா ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிறார்" என்றால் 'இன் ஃபீல்ட் நம்பர் ஃபைவ்'. லயக்காம்பிராவுக்கும் இன், தோட்டத்தின் பிரிவான டிவிஷனுக்கும் இன். ஒரே வாக்கியத்தில் தோட்டத்துக்கு ஒன், மலைக்கு இன் என்று வந்தால் தயங்காதீர்கள், இரண்டும் சரியே. நம் நாட்டில் 'இன் தி எஸ்டேட்' என்பதும் காதில் விழும், கேட்பவருக்குப் புரியவும் புரியும். என்றாலும் பரீட்சையிலும் நேர்முகத்திலும் ஒன் சொல்லுங்கள். உங்கள் பிறந்த இடத்தைச் சொல்லும் முதல் வாக்கியம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாகனங்களையும் இங்கேயே முடித்துவிடலாம். எழுந்து நிற்கவும் நடக்கவும் இடமுள்ள பொது வாகனத்துக்கு ஒன்: 'ஒன் த பஸ்', 'ஒன் த ட்ரெயின்'. குனிந்து ஏறி உட்கார வேண்டிய சிறு வாகனத்துக்கு இன்: காருக்கும், ஆட்டோவுக்கும், வான் வண்டிக்கும். ஏறி அமரும் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மறுபடி ஒன்.

நான்காம் படி: புள்ளிக்கு அட்

சந்தி, வாசல், பஸ் தரிப்பு, வளைவு, பாதையின் முடிவு போன்றவை இயல்பாகவே புள்ளிகள். 'அட் த ஜங்ஷன்', 'அட் த கேட்', 'அட் த பஸ் ஸ்டொப்', 'அட் தி எண்ட் ஒவ் த ரோட்'. கதவிலக்கம் சேர்ந்த முகவரியும் புள்ளியே. 'ஒன் மெயின் ஸ்ட்ரீட்' என்று தெருவை மட்டும் சொல்லும்போது ஒன், இலக்கம் சேர்ந்து 'அட் டுவெல்வ், மெயின் ஸ்ட்ரீட்' என்றால் அட். பிரித்தானிய வழக்கில் தெருவுக்கு 'இன்' வருவதும் உண்டு, அதுவும் சரியே.

ஊருக்கு அட் வருமா? வரும். மலைநாட்டு ரயில் பாதை இதை அழகாகக் கற்றுத்தரும். நானுஓயாவில் ஒருவர் குடியிருக்கிறார் என்றால் 'ஷீ லிவ்ஸ் இன் நானுஓயா'. வாழ்கிறவருக்கு அந்த ஊர் தெருக்களும் வீடுகளும் உள்ள ஒரு வெளி. நுவரெலியாவுக்குப் போகும் பயணி அங்கே ரயிலைவிட்டு இறங்கி பஸ் ஏறுகிறார் என்றால் 'வீ சேஞ்ட் அட் நானுஓயா'. பயணிக்கு அது பாதையில் ஒரு தரிப்பு, ஒரு புள்ளி. ரயில் எங்கே நிற்கும் என்று கேட்டாலும் 'இட் ஸ்டொப்ஸ் அட் ஹட்டன், அட் தலவாக்கலை, அட் நானுஓயா'. ஒரே ஊரை வசிப்பவர் ஒரு விதமாகவும் கடந்துபோகிறவர் வேறு விதமாகவும் சொல்கிறார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அட் பற்றிய பயம் பெரும்பாலும் போய்விடும்.

உயரத்தின் அளவும் ஒரு புள்ளிதான். பட்டிப்பொல நிலையம் 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல மீட்டர் கணக்குக்கு முன்னால் அட் போடுங்கள். "கடல் மட்டத்துக்கு மேல்" என்று சேர்த்துச் சொன்னால் 'மீட்டர்ஸ் அபவ் சீ லெவல்'. பிதுருதலாகலையின் 2,524 மீட்டருக்கும் அதே முறை.

ஒரு நிறுவனத்தை அங்கே நடக்கும் வேலையோடு சேர்த்து நினைத்தாலும் அட் வருகிறது. தங்கை 'அட் ஸ்கூல்' என்றால் படிக்கப் போயிருக்கிறாள். அப்பா 'அட் வேர்க்' என்றால் வேலையில் இருக்கிறார். பாட்டி 'அட் த கோவில்' என்றால் பூசைக்குப் போயிருக்கிறார். வைத்தியசாலையில் மட்டும் கவனம் தேவை: நோயாளியாகத் தங்கியிருப்பவர் 'இன் ஹொஸ்பிட்டல்', பார்க்கப் போனவரும் அங்கே வேலை செய்கிறவரும் 'அட் த ஹொஸ்பிட்டல்'. "அம்மா வைத்தியசாலையில் இருக்கிறார்" என்பதை நிறுவனத்துக்கு எழுதும்போது சொல் மாறிவிட்டால் அம்மா நோயாளியாகிவிடுவார்.

ஐந்தாம் படி: ஒரே இடத்தை மூன்றாகப் பாருங்கள்

இப்போது ஒரு பயிற்சி. நுவரெலியாவின் கிரகரி வாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல் உருவான வாவி அது. அதன் மீன்கள் 'இன் த லேக்'. படகுகள் 'ஒன் த லேக்', நீர்ப்பரப்பின் மேல். கரையோரத்து விடுதியும் 'ஒன் த லேக்', அங்கே வாவியின் கரை ஒரு கோடு. அதே விடுதியை 'பை த லேக்' என்றும் சொல்லலாம், அருகே என்று பொருள். சுற்றுலாக் குழுவினர் பத்து மணிக்குச் சந்திக்கும் இடம் 'அட் த லேக்'.

மூலைக்கும் இந்தக் கண்ணோடு போய்ப் பாருங்கள். அறையின் மூலையில் துடைப்பம் இருக்கிறது. சுவர்கள் சூழ்ந்திருப்பதால் 'இன் த கோர்னர்'. தெருமூலையில் கடை இருக்கிறது. வெளிப்பக்கமாக நிற்பதால் 'ஒன் த கோர்னர்' அல்லது 'அட் த கோர்னர்'. உச்சியும் அப்படியே. மலையேறி முடிகிற புள்ளி 'அட் த டொப் ஒவ் த ஹில்'. அலுமாரியின் மேல் வைத்த பெட்டி 'ஒன் டொப் ஒவ் த கபர்ட்'. அடிவாரத்துக்கு 'அட் த ஃபுட் ஒவ்'. நல்லதண்ணி சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் இருப்பதை இப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: மேலும் கீழும்

சமவெளியில் வாழ்கிறவர்களைவிட நமக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் படி இது. எல்லாமே சரிவில் இருக்கும் நாட்டில், எது எதற்கு மேலே என்பதே பாதி முகவரி.

தொட்டுக்கொண்டு மேலே இருந்தால் ஒன் என்று பார்த்தோம். தொடாமல் மேலே இருந்தால் இரண்டு சொற்கள் உள்ளன, அபவ், ஓவர். உயர்ந்த மட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல அபவ் போதும். நேர் மேலே இருக்க வேண்டியதில்லை. கவிந்து மூடினாலும், ஒன்றைக் கடந்து குறுக்காகப் போனாலும் ஓவர். பாதைக்கு மேற்புறச் சரிவில் உள்ள லயம் 'அபவ் த ரோட்'. பள்ளத்தாக்கைக் கவிந்த பனி 'ஓவர் த வேலி'. ஆற்றின் குறுக்கே உள்ள பாலம் 'ஓவர் த ரிவர்'. மேட்டு லயத்தை 'ஓவர் த ரோட்' என்று சொன்னால், பிரித்தானியர் ஒருவர் அதைப் பாதைக்கு அந்தப் பக்கம் என்று புரிந்துகொண்டு, மேலே ஏற வேண்டியவர் எதிர்ப்புறம் தேடிக்கொண்டிருப்பார்.

கீழே போகும்போதும் இப்படியே இரண்டு. தாழ்ந்த மட்டத்துக்கு பிலோ, நேர் அடியில் இருப்பதற்கும் மூடப்பட்டிருப்பதற்கும் அண்டர். ஸ்டோருக்குப் பணிய உள்ள பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்) 'பிலோ த ஃபேக்டரி'. மேசைக்கு அடியில் படுத்திருக்கும் நாய் 'அண்டர் த டேபிள்'.

இந்த வேறுபாட்டை மனத்தில் பதிக்க மலையகத்திலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு, எந்தப் பாடநூலிலும் தேட வேண்டாம். ஒன்று தெமோதரை. அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தெமோதரை நிலையத்துக்கு நேர் அடியில் உள்ள சுரங்கத்தின் வழியாகப் போகிறது. சுரங்கம் 'அண்டர் த ஸ்டேஷன்' என்று சொல்ல வேண்டும், ஏனெனில் நிலையம் அதன் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. நிலையத்துக்குக் கீழே தள்ளியிருக்கும் தேயிலைச் சரிவுகள் 'பிலோ த ஸ்டேஷன்'. மற்றது மஸ்கெலியா. பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் காலத்தில் பழைய கோயிலும் விகாரையும் வெளியே தெரியும். அந்தப் பழைய நகரம் 'அண்டர் த ரெசர்வோயர்'. இப்போதைய நகரமோ தண்ணீருக்கு மேல்மட்டத்தில் இருப்பதால் 'அபவ் த ரெசர்வோயர்'. எங்கள் பாட்டன் பாட்டிமார் நடந்த தெருக்களைப் பற்றி எழுதும்போது சொல் பிசகாமல் இருப்பது நல்லது.

மண்சரிவு பற்றி எழுதுகிறவர்களுக்கும் இது உயிர்நிலை. ஆபத்தான சரிவு வீடுகளுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது வாசிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிய வேண்டும். 'த ஸ்லோப் அபவ் த ஹௌசஸ்' என்றால் மண் வீடுகளின் மேல் வந்து விழக்கூடும். 'த ஸ்லோப் பிலோ த ஹௌசஸ்' என்றால் வீடுகளைத் தாங்கும் நிலமே சரியக்கூடும்.

ஏழாம் படி: பக்கம், எதிர், பின்

வழி சொல்லும்போது மிகுந்த குழப்பம் தருவது தமிழின் "எதிரே", "முன்னால்" ஆகியவை. "கோயிலுக்கு முன்னால் கடை" என்று நாம் சொன்னால் கடை பாதையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது சூழலில்தான் விளங்கும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. பாதையைக் கடந்து மறுபக்கத்தில் முகம் பார்த்து இருந்தால் 'ஒப்பசிட்'. பாதையைக் கடக்காமல், வாசலுக்கு முன்னே இருந்தால் 'இன் ஃப்ரண்ட் ஒவ்'. கோயில் வாசலில் ஆட்டோ நிற்கிறது: இன் ஃப்ரண்ட் ஒவ். தெருவின் அந்தப் பக்கம் மருந்துக்கடை: ஒப்பசிட்.

ஒட்டினாற்போல் அடுத்தது என்றால் 'நெக்ஸ்ட் டூ' அல்லது 'பிசைட்'. சற்றுத் தள்ளி ஆனால் தூரமில்லை என்றால் 'நியர்'. நியருக்குப் பின்னால் 'டூ' வேண்டாம், 'நியர் த ஃபேக்டரி' என்று நேரே எழுதுங்கள். ஒப்பசிட், பிஹைண்ட் இரண்டுக்கும் பின்னாலும் ஒன்றும் வேண்டாம், 'பிஹைண்ட் த ஸ்கூல்' போதும். பிரதான பாதையிலிருந்து கிளை பிரிந்து போகும் தோட்டப் பாதைக்கு 'ஓஃப் த மெயின் ரோட்'. நம் தோட்டங்களில் முக்கால்வாசி இப்படித்தான் அமைந்திருப்பதால் இந்தச் சிறு சொல்லைக் கட்டாயம் பழகுங்கள்.

திசைகளில் ஒரு நுணுக்கம். வெளியே இருந்தால் திசையை அப்படியே சொல்லி 'ஒவ்' சேருங்கள்: கண்டி நுவரெலியாவுக்கு வடக்கே இருப்பதால் 'நோர்த் ஒவ் நுவரெலியா'. ஓர் எல்லைக்குள்ளேயே வடபகுதியில் இருந்தால் 'இன் த நோர்த் ஒவ்': யாழ்ப்பாணம் இலங்கையின் வடக்கில்.

எட்டாம் படி: இடையும் ஊடும்

தனித்தனியாக எண்ணிக் காட்டக்கூடியவற்றுக்கு நடுவே என்றால் 'பிட்வீன்'. ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ளது, 'பிட்வீன் எல்ல அண்ட் தெமோதர'. கூட்டமாகப் பரந்தவற்றுக்கு நடுவே என்றால் 'அமங்': தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் பெண் 'அமங் த டீ புஷஸ்'.

நடந்தும் ஓடியும் செல்வதைச் சொல்ல மூன்று சொற்கள் போதும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே ரயில் சிங்கமலைச் சுரங்கத்தின் ஊடாகப் போகிறது, 'த்ரூ'. பாலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, 'அக்ரோஸ்'. வாவிக்கரை நெடுகிலும், 'அலோங்'.

ஒன்பதாம் படி: முன்னிடைச் சொல்லே வேண்டாத இடங்கள்

சில இடங்களில் எதையும் போடாமல் இருப்பதே சரி. வீட்டுக்குப் போனேன் என்பது 'ஐ வென்ட் ஹோம்'. இங்கே, அங்கே, மாடிக்கு, வெளிநாட்டுக்கு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் அப்படியே தனித்து நிற்கும். 'ரீச்' வந்தாலும் வெறுமனே ஊர்ப்பெயர். 'அரைவ்' வந்தால் மட்டும் ஒன்று தேவை: நகரத்துக்கு இன், நிலையத்துக்கு அட். அதற்கு ஒருபோதும் 'டூ' வராது.

பத்தாம் படி: சிறியதிலிருந்து பெரியதுக்கு

ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும், முழு வாக்கியம் தமிழ் நெடியோடு நிற்பதற்குக் காரணம் வரிசை. தமிழில் பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்குகிறோம்: நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேற்கணக்கில் (மேல் டிவிஷனில்), ஒரு லயத்தில். ஆங்கிலம் இதை அப்படியே தலைகீழாக்கும்: 'இன் அ லைன் ஹௌஸ், இன் தி அப்பர் டிவிஷன், ஒன் அ டீ எஸ்டேட், நியர் தலவாக்கலை, இன் த நுவரெலியா டிஸ்ட்ரிக்ட்'. தமிழில் முழு வாக்கியத்தையும் எழுதிவிட்டு, கடைசித் துண்டிலிருந்து முதல் துண்டு நோக்கிப் போய்க்கொண்டே ஒவ்வொன்றுக்கும் உருவம் பார்த்துச் சொல்லைப் போடுங்கள். நான் மாணவர்களுக்குத் தரும் முறை இதுவே. முதல் சில நாட்களுக்கு மெதுவாகத்தான் வரும். பிறகு கை தானாகவே திரும்பும்.

இனி உங்கள் முறை

வெளியூர் விருந்தினர் ஒருவருக்கு வீட்டின் இடத்தைச் சொல்வதாக வைத்து ஒரு மாதிரி தருகிறேன். 'அவர் ஹௌஸ் இஸ் ஒன் அ டீ எஸ்டேட் நியர் நோர்வூட். கெட் ஓஃப் த பஸ் அட் த ஜங்ஷன். வோக் அலோங் தி எஸ்டேட் ரோட் அண்ட் அக்ரோஸ் த பிரிட்ஜ். தேர் இஸ் அ கோவில் ஒன் த லெஃப்ட். த லைன் இஸ் ஜஸ்ட் அபவ் இட், ஒப்பசிட் த பிளேகிரவுண்ட். அவர்ஸ் இஸ் த லாஸ்ட் ஹௌஸ் இன் த ரோ.' இதில் தோட்டம் பரப்பு, சந்தி புள்ளி, பாதை நெடுகிலும் நடை, பாலம் குறுக்கே, கோயில் இடப்பக்கத்துக் கோட்டில், லயம் தொடாமல் மேலே, விளையாட்டு மைதானம் பாதைக்கு மறுபக்கம், கடைசி வீடு வரிசையின் எல்லைக்குள். ஒவ்வொன்றையும் மேலே உள்ள படிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு இந்த ஐந்தையும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்: பையை பஸ்ஸில் மறந்துவிட்டேன், செடியில் கொழுந்து துளிர்த்திருக்கிறது, பேராதனையில் ரயில் மாறினோம், அட்டைப்பூச்சி சப்பாத்துக்குள் இருக்கிறது, அண்ணன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். முதல் இரண்டுக்கும் ஒன், மூன்றாவதற்கு அட், நான்காவதற்கு இன். ஐந்தாவதற்கு அட், இன் இரண்டும் ஒப்புக்கொள்ளப்படும். வேலையிடத்தை மட்டும் சொன்னால் அட் நன்றாக இருக்கும். தேயிலை வாடும் தட்டுகளுக்கும் அரைக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே, அந்தக் கட்டடத்துக்குள் நின்று உழைக்கிறார் என்று காட்ட விரும்பினால் இன் எழுதுங்கள்.

நண்பர் ஒருவரோடு மாறி மாறிச் செய்தால் இன்னும் நல்லது. ஒருவர் தம் வீட்டுக்கு வழியை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், மற்றவர் கேட்டதை மட்டும் வைத்துத் தாளில் வரையட்டும். கோயில் பாதையின் தவறான பக்கத்தில் வந்தால், லயம் மேட்டுக்குப் பதிலாகப் பணிய வந்தால், எந்தச் சொல்லைத் திருத்த வேண்டும் என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.